அடகு வைக்க முடியாத சொத்து

நகைக் கடன் வாங்கப் போனால் வங்கியில் கேட்கிற கேள்விகள் குறைவு. நகையை உரசிப் பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறார்கள். வாங்கியவருக்கு நாளை வேலை இருக்குமா என்பது அவர்களுக்குப் பெரிய கவலையில்லை. பணம் வராவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். இனி, இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்காவில் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு ஒன்றரை லட்சம் டாலர் கடன் கேட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் அவள் வாங்கப்போவது அவள் தலைக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கழற்றி வாங்கி வைக்க முடியாது, ஏலம் போட முடியாது, இன்னொருவர் பெயருக்கு எழுதித் தரவும் முடியாது. அவள் தேறுவாளா, தேறினால் எவ்வளவு சம்பாதிப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இருந்தும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படிப்பட்ட கடன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எந்த நம்பிக்கையில் கிடைக்கிறது என்பது பொருளாதார அறிவியலின் அழகான புதிர்களில் ஒன்று.

புதிரை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் மில்டன் ஃப்ரீட்மன். 1945இல் சைமன் குஸ்நெட்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல், மருத்துவர், பல் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் வருமானத்தை ஆராய்ந்தது. நீண்ட பயிற்சி தேவைப்படும் தொழில்களில் வருமானம், பயிற்சிக்கு ஆன செலவை ஈடுகட்டத் தேவையானதைவிட அதிகமாக இருப்பது தெரிந்தது. ஒரு தொழிலில் அவ்வளவு லாபம் இருந்தால் ஆட்கள் அதில் போய்க் குவிய வேண்டும், குவியவில்லை. பயிற்சிக்கு முன்பணம் போட முடிந்தவர்கள் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். பத்தாண்டு கழித்து, 1955இல், கல்வியில் அரசின் பங்கு பற்றி எழுதிய கட்டுரையில் அவர் ஒரு வழி சொன்னார். கடன் வேண்டாம், பங்கு வாங்கலாம். புதிய கம்பெனிக்குப் பணம் போடுகிறவர் நிலையான வட்டியை எதிர்பார்ப்பதில்லை, லாபத்தில் பங்கு கேட்கிறார். அதேபோல ஒரு மாணவரின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, பிற்கால வருமானத்தில் ஒரு சதவீதத்தை வாங்கிக்கொள்ளலாம். நன்றாகச் சம்பாதிப்பவர் கூடுதலாகத் தருவார், தோற்றவர் குறைவாகத் தருவார், மொத்தத்தில் கணக்கு நேராகிவிடும். இது ஒருவரின் உழைப்புத் திறனில் பங்கு வாங்குவது, அந்த அளவுக்கு அடிமைத்தனத்துக்கு நிகரானது என்பதையும் அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். யோசனையின் கூர்மையும் அதன் ஆபத்தும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

இந்த யோசனையை உயிருள்ள மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தது யேல் பல்கலைக்கழகம். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் டோபின் வடிவமைப்பில் உதவ, 1971இல் திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் ஒத்திவைக்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலருக்கும், ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம் செலுத்த வேண்டும். ஐயாயிரம் வாங்கினால் 2 சதவீதம். அப்போது அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த பில் கிளின்டனும் சேர்ந்தவர்களில் ஒருவர். இதுவரை ஃப்ரீட்மன் சொன்னதேதான். யேல் சேர்த்த புதிய விதிதான் எல்லாவற்றையும் மாற்றியது: ஓர் ஆண்டில் சேர்ந்த மாணவர் அனைவரும் ஒரே குழு, அந்தக் குழுவின் மொத்தக் கடனும் வட்டியும் அடையும்வரை, அல்லது 35 ஆண்டு முடியும்வரை, எவரும் செலுத்துவதை நிறுத்த முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. தன் பங்குக் கடனை வட்டியுடன் ஒன்றரை மடங்காகக் கட்டிவிட்டால் வெளியேறிவிடலாம்.

விளைவை ஊகிப்பது கடினமில்லை. பெரும் பணம் சம்பாதித்தவர்கள் ஒன்றரை மடங்கைக் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். சிலர் கட்டாமலே விட்டுவிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் நடுத்தர வருமானக்காரர்களும். தாங்கள் வாங்கியதை எப்போதோ கட்டி முடித்திருந்தும், குழுவின் மீதிக்காக ஆண்டுதோறும் காசோலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புதியவர்களைச் சேர்ப்பதை யேல் 1978இல் நிறுத்தியது. இருபதாண்டுக்கும் மேல் இழுத்த பிறகு மீதியைத் தள்ளுபடி செய்து கணக்கை மூடியது.

என்ன நடந்தது என்பதை விளக்கும் கோட்பாடு, திட்டம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே அச்சில் வந்திருந்தது என்பது என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது. எழுதியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப், யேலிலேயே இளங்கலை படித்தவர். 1970இல் வந்த அவருடைய கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தன் காரின் கோளாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். சராசரி விலைக்கு நல்ல காரை விற்க மனம் வராதவர்கள் விலகுவார்கள். நல்ல கார்கள் போகப்போகச் சராசரி இன்னும் இறங்கும். வருமானத்தில் பங்கு கேட்கும் எந்தத் திட்டத்திலும் இதே அரிப்பு இருக்கிறது. முதலீட்டு வங்கிக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்தவர் தன் வருமானத்தில் சதவீதம் தர முன்வர மாட்டார், சாதாரணக் கடனை வாங்குவார். கவிதை எழுதப்போகிறவர் விரும்பிச் சேருவார். யேல் அதன்மேல் வெளியேறும் கதவையும் வைத்தபோது அரிப்பு இரு பக்கமும் நடந்தது. தனித்தனி நிறுவனங்கள் இத்தகைய திட்டத்தைப் பெரிய அளவில் நடத்த முடியாமல் போவதற்கு மாணவர்களின் நேர்மைக் குறைவு காரணமில்லை. தன்னைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

பங்கும் வாங்க முடியாது, ஈடும் இல்லை என்றால் வேறொருவருடைய ஈட்டைக் கேட்பதுதான் பழைய வழி. இந்தியக் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3.3 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு சீனாவையும் தாண்டி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் முதுநிலைப் படிப்புக்குப் போனவர்கள். அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே கடன் இங்கேதான் பிறக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பது வழக்கம். பெற்றோரும் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடில்லாமல் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, வட்டி கூடுதல். மகளின் படிப்பை அடகு வைக்க முடியாததால் அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. ரூபாயில் கடன், டாலரில் கட்டணம், அங்கே வேலை கிடைத்தால்தான் டாலரில் சம்பளம். ஒரு விசா முடிவில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகலாம். அந்த அபாயம் முழுவதையும் ஏற்பது ஒற்றைக் குடும்பம். வீடு இல்லாத குடும்பத்துக்கு அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு உண்மையிலேயே புதிய விடை 1989இல் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1974இல் அங்கே பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்திருந்தார்கள். பிறகு மாணவர் எண்ணிக்கை பெருகியது, அரசிடம் பணம் போதவில்லை. கல்வி அமைச்சர் ஜான் டாக்கின்ஸ் காலத்தில், புரூஸ் சாப்மன் என்ற பொருளாதார அறிஞரின் வடிவமைப்பில் வந்தது ஹெக்ஸ் திட்டம். ஆண்டுக்கு 1,800 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். இப்போது கட்ட வேண்டாம். படித்து முடித்து, ஆண்டு வருமானம் 22,000 டாலரைத் தாண்டினால், 1 முதல் 3 சதவீதம் வரை வருமானவரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். தாண்டாவிட்டால் எதுவும் இல்லை. விலைவாசி ஏறும் அளவுக்குக் கடன் தொகையும் ஏறும், அதற்கு மேல் வட்டி கிடையாது. அவரவர் வாங்கியதைத் தீர்த்ததும் முடிந்தது. மற்றவருக்காகக் கட்டும் யேல் விதி இங்கே இல்லை. இறந்தால் மீதி கடன் அவரோடு போகிறது, குடும்பத்தின் தலையில் விழுவதில்லை.

இதில் மறைந்திருக்கும் கண்டுபிடிப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். வங்கிக்கு ஒருவருடைய வருமானம் தெரியாது. கேட்டால் அவர் சொல்வதுதான். வரித்துறைக்கு ஏற்கெனவே தெரியும். கடனை வசூலிப்பதற்கு வங்கிக்கு ஆள், அலுவலகம், வழக்கு எல்லாம் தேவை. வரித்துறை எப்படியும் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு வரி சேர்த்தால் போதும். அந்தத் துறை ஒன்றே நாட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவரையும் ஆண்டுதோறும் சந்திக்கிறது. தலைக்குள் இருப்பதை ஈடாக வாங்க முடியாது என்ற புதிருக்கு விடையாக, அதிலிருந்து வருமானம் வெளியே வரும் வாசலிலேயே போய் நின்றுகொண்டார்கள். வருமானம் வந்தால் எடுத்துக்கொள்வது, வராத ஆண்டில் காத்திருப்பது. இது கடனும் காப்பீடும் ஒரே தாளில் எழுதப்பட்டது. நோயில் விழுந்த ஆண்டில், பிள்ளை பெற்று வேலையை விட்ட ஆண்டில், தவணை தானாகவே பூஜ்யமாகிறது; யாரிடமும் போய் விண்ணப்பித்துக் கெஞ்ச வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தும் முதுநிலை மாணவர்களுக்கும் 2002இல் இதே வகைக் கடன் வந்தது. பிரிட்டன் 2016இல் முதுகலைக்கும் 2018இல் முனைவர் பட்டத்துக்கும் இந்தப் பாதையில் கடன் கொடுக்கத் தொடங்கியது. அங்கே 21,000 பவுண்டுக்கு மேலான வருமானத்தில் 6 சதவீதம் பிடிப்பார்கள்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததில் அதிர்ந்து, அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் வழியே குறைந்த வட்டிக் கடனைக் கொண்டுவந்தார்கள். 1965 நவம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தாம் படித்த டெக்சஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி வங்கி கடன் கொடுத்தது, மாணவர் கட்டாவிட்டால் அரசு கட்டியது. ஈடு இல்லாத இடத்தை அரசின் உத்தரவாதம் நிரப்பியது. பிறகு அரசு தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொன்று செய்தது. தொழிலில் நொடித்தவர், கிரெடிட் கார்டில் மூழ்கியவர் எல்லோருக்கும் திவால் நீதிமன்றம் ஒரு புதிய தொடக்கம் தருகிறது. கல்விக் கடனுக்கு அந்த வாசலை 1976 முதல் படிப்படியாகச் சாத்தி, 1998இல் ஏறக்குறைய முழுவதும் மூடினார்கள். கட்டத் தவறினால் நீதிமன்ற ஆணை இல்லாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. காலாவதி என்பதும் கிடையாது. எந்த ஈடும் கேட்காமல் கொடுத்த கடனுக்கு வாழ்நாளே ஈடாகிப்போனது. இது கொடுமையான மாற்று என்றே நான் நினைக்கிறேன்.

முதுநிலை மாணவர்களின் கதை இதற்குள் தனிக் கதை. அறிவியல் துறைகளில் முனைவர் பட்டம் படிப்பவருக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் கிடைக்கும். கடன் சுமை சேர்வது சட்டம், மருத்துவம், பல் மருத்துவம், வணிக நிர்வாகம், பலவகை முதுகலைப் படிப்புகளில். மாணவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் முதுநிலையில் இருக்கிறார், ஆனால் ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்கப்படும் அரசுக் கடனில் அவர்கள் பங்கு ஐந்தில் இரண்டுக்கு மேல். 2006 ஜூலையில் தொடங்கிய கிராட் பிளஸ் திட்டம் இதற்குப் பெரிய காரணம். கல்லூரி எவ்வளவு செலவாகும் என்று சொல்கிறதோ, மற்ற உதவிகள் போக மீதி முழுவதையும் அதில் கடனாக வாங்க முடிந்தது. உச்சவரம்பு இருக்கவில்லை. கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாயிரத்துக்குக் கையெழுத்திட்டால் அண்மை விகிதத்தில் கைக்கு வந்தது சுமார் 9,577 டாலர்.

வட்டி எப்படி முடிவாகிறது என்பது பலருக்குத் தெரியாத விந்தை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் அமெரிக்க அரசு தன் பத்தாண்டுக் கடன் பத்திரத்தை ஏலம் விடுகிறது. அந்த ஏலத்தில் வந்த விகிதத்தோடு வழக்கமான முதுநிலைக் கடனுக்கு 3.6 சதவீதப் புள்ளியும் கிராட் பிளஸுக்கு 4.6 புள்ளியும் கூட்டுகிறார்கள். அந்த ஆண்டு வாங்கும் கடனுக்கு ஆயுள் முழுக்க அந்த விகிதம்தான். பெருந்தொற்றால் சந்தை நடுங்கிய 2020-21இல் வாங்கியவருக்கு 4.30 சதவீதம். 2024-25இல் அதே வகுப்பில், அதே படிப்புக்கு வாங்கியவருக்கு 8.08. இருவருக்கும் இடையே திறமையில் வேறுபாடு எதுவும் இருக்க வேண்டியதில்லை. பிறந்த ஆண்டு போதும்.

சட்டம் படிக்கப் போன அந்தப் பெண்ணை அமெரிக்கக் குடிமகளாக வைத்துக்கொண்டு அவள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் மூன்றாண்டு, வட்டி எளிமைக்காக 8 சதவீதம். படிக்கும்போது தவணை இல்லை, படிப்பு முடிந்தும் ஆறு மாதம் அவகாசம். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முதல் ஐம்பதாயிரத்துக்கு மூன்றரை ஆண்டு வட்டி 14,000. இரண்டாவதற்கு 10,000. மூன்றாவதற்கு 6,000. முதல் தவணை நாளில் அவள் கடன் 1,80,000 டாலர். நெடுங்காலம் இருந்த விதிப்படி அந்த முப்பதாயிரமும் அசலாகிவிடும், அதற்கும் வட்டி பிறக்கும். 2023இல்தான் இப்படி அசலில் சேர்க்கும் சந்தர்ப்பங்கள் பலவற்றைக் கல்வித்துறை நீக்கியது. சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 2,184 டாலர், மொத்தம் 2,62,000. வட்டி மட்டுமே மாதம் 1,200. அவள் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்தில் சேர்ந்து, வருமானத்தைப் பொறுத்த தவணையாக மாதம் 1,000 கட்டுகிறாள் என்றால், ஒரு தவணை தவறாமல் கட்டிக்கொண்டே இருக்கும்போது கடன் மாதம் 200 டாலர் வளர்கிறது. ஆஸ்திரேலிய யோசனையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதன் விளைவு இது. தவணையை வருமானத்தோடு கட்டினார்கள். வட்டியைச் சந்தையோடு விட்டார்கள். வாழ்க்கையில் எந்தத் தப்பும் செய்யாத மனிதர்கள் பத்தாண்டு கட்டிய பிறகு, தொடங்கியதைவிடப் பெரிய எண்ணைக் கணினித் திரையில் பார்த்துக் கலங்கியது இதனால்தான்.

தப்பிக்கும் வழி ஒன்றை 2007இல் திறந்தார்கள். அரசிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. பல பெரிய மருத்துவமனைகள் லாபநோக்கற்றவை. பயிற்சி மருத்துவராக மூன்று முதல் ஏழு ஆண்டுவரை குறைந்த சம்பளத்தில், குறைந்த தவணையில் கழியும் காலமும் அந்த 120 மாதத்தில் அடங்கும். ஆகவே இந்த வழியில் போகத் தீர்மானித்த மருத்துவ மாணவருக்கு, கூடுதலாக வாங்கும் இன்னொரு பத்தாயிரத்தால் தவணை ஒரு டாலர்கூட ஏறாது; தவணை வருமானத்தைப் பார்க்கிறது, கடனைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அவருக்குக் கட்டணம் எவ்வளவு என்பது பொருட்டில்லாமல் போகிறது. கல்லூரிக்கும் அது தெரியும்.

அரசு உதவி கூடினால் கல்லூரிகள் கட்டணத்தைக் கூட்டும் என்று 1987இலேயே அமெரிக்கக் கல்வித்துறைச் செயலர் வில்லியம் பென்னட் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இளங்கலை விஷயத்தில் அது உண்மையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். முதுநிலையில் சான்று தெளிவாகவே இருக்கிறது. சான்ட்ரா பிளாக், லெஸ்லி டர்னர், ஜெஃப்ரி டென்னிங் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, கிராட் பிளஸ் வந்த பிறகு கடனும் கட்டணமும் ஏறியதையும், முன்பு வர முடியாத மாணவர்கள் புதிதாக வந்ததற்கு அறிகுறி இல்லாததையும் காட்டியது. ஏழை மாணவருக்காகத் திறந்த கதவின் வழியே விலைதான் உள்ளே வந்திருக்கிறது. உச்சவரம்பில்லாத கடனை ஆதரித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் ஆதரித்தார்கள். ஆனால் இந்த ஆய்வைப் படித்த பிறகு அதே வாதத்தைத் தொடர்வது கடினம்.

2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம் கிராட் பிளஸை மூடுகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவருக்கு முதுநிலையில் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். திருப்பிச் செலுத்தவும் புதிய திட்டம். அதில் ஒன்றைப் பாராட்ட வேண்டும்: தவணை வட்டியைவிடக் குறைவாக இருந்தால் மீதி வட்டி தள்ளுபடியாகும், மாதம் 50 டாலர் வரை அசலும் குறையும்படி அரசு கைகொடுக்கும். ஒழுங்காகக் கட்டுபவரின் கடன் வளரும் அவலம் இதோடு நிற்கிறது. சட்ட உதவி மையத்துப் பெண்ணுக்கு அந்த 200 டாலர் ஏறாது.

இன்னொன்றில் தடுமாறியிருக்கிறார்கள். வருமானம் பத்தாயிரம் ஏற ஏறத் தவணை விகிதமும் ஒரு சதவீதம் ஏறுகிறது, அந்த விகிதம் மொத்த வருமானத்துக்கும் பொருந்துகிறது. 60,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 5 சதவீதம், ஆண்டுக்கு 3,000. அவருக்கு ஒரே ஒரு டாலர் சம்பள உயர்வு கிடைத்தால் 6 சதவீதம், 3,600. ஒரு டாலருக்கு அறுநூறு டாலர் விலை. இதே செங்குத்துப் படி ஆஸ்திரேலியாவில் 1989 முதல் இருந்தது. மக்கள் படியின் விளிம்புக்குக் கீழே வருமானத்தை நிறுத்திக்கொள்ளப் பழகியதை அங்குள்ள வரிக் கணக்குகள் காட்டின. 2025இல் ஆஸ்திரேலியா அதை நீக்கியது. 2025-26 வரியாண்டில் அங்கே 67,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பகுதியில் மட்டும், முதல் படியில் ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு டாலர் கூடினால் 15 சென்ட் கூடும், அவ்வளவே. ஒரு நாடு முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தில் கழித்துப்போட்டதை, அதே ஆண்டு இன்னொரு நாடு புதிதாகச் சட்டத்தில் எழுதிக்கொண்டது.

உச்சவரம்பு கட்டணத்தைக் கீழே இறக்குமா என்பதைக் கல்லூரிகள்தான் இனி காட்ட வேண்டும். இறங்காவிட்டால் இடைவெளி ஒன்று மிஞ்சும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் வாழ்க்கைச் செலவையும் சேர்த்து நான்காண்டுக்கு ஆகும் தொகை இரண்டு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மீதிக்குத் தனியார் கடன் நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் மாணவியின் மதிப்பெண்ணைவிட, கூடக் கையெழுத்திடப் போகிறவர் யார், அவருடைய கடன் வரலாறு எப்படி என்பதைத்தான் பார்க்கிறார்கள். நல்ல சம்பளம் வாங்கும் பெற்றோர் உள்ளவருக்கு அந்தக் கையெழுத்து ஒரு மாலையில் கிடைத்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாக மருத்துவம் படிக்கப் போகிறவர், இடம் கிடைத்த கடிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.